லெஸ்டரின் செம்புச் சுருள்

"பீர் காய்ச்சுற சாமான் விக்கிற கடைதானே? போனை வெச்சிடாதே தம்பி, இங்க அடுப்புல கொதிக்குது!"

"அம்மா, இது வந்து..." என்று மறுமுனையில் ஓர் ஆண் குரல் தொடங்கியது.

"வந்து போயெல்லாம் அப்புறம். லெஸ்டர் கொரெக்கி ஞாபகம் இருக்கா? ஆறடி உயரம், தும்மினா தெருவே திரும்பும். எப்பவும் உன்கிட்டதான் சாமான் வாங்குவார். அவர் பொண்டாட்டி வெர்னா பேசறேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கம்மா," என்றது குரல், இப்போது மெதுவாக. "என்ன செய்யணும்?"

வெர்னா கைப்பேசியைச் சர்க்கரை ஜாடிமேல் சாய்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மில்வாக்கியின் ஞாயிற்றுக்கிழமைப் பனி. உள்ளே கண்ணாடியெல்லாம் ஆவி. பெரிய பானையில் பார்லியும் கசப்புக்கான ஹாப்ஸ் பூவும் கலந்த கஷாயம் தளதளவென்று கொதித்தது.

"அடுப்பை அணைச்சாச்சுன்னா உடனே ஆறணும், இல்லேன்னா கெட்டுப்போயிடும்னு லெஸ்டர் நோட்டுல எழுதியிருக்கார். செம்புச் சுருளைப் பானைக்குள்ள இறக்கிட்டேன். அதுக்குள்ள பச்சைத்தண்ணி ஓடணுமாம். ஆனா அந்த ரப்பர் குழாயைச் சமையலறைக் குழாயில எப்படி மாட்டறதுன்னு எழுதலையே மனுஷன்! பித்தளைத் துண்டு ஒண்ணு இருக்கு. சேரவே மாட்டேங்குது."

"ஒரு நிமிஷம்மா..." கொஞ்சம் பொறுத்து, "குழாய் வாயில சின்னச் சல்லடை மாதிரி இருக்கும் பாருங்க. அதைக் கழட்டினாதான் பித்தளை ஏறும்."

"அது கழலுமா? முப்பத்தொரு வருஷமா இந்தக் குழாயைத் திறந்து மூடறேன், தெரியாதே!" முறுக்கினாள். "ம்ஹூம். அசையலை."

"ஒரு நிமிஷம்... துணியைச் சுத்திக் குறடால பிடிங்க. கீழேருந்து பார்த்தா இடப்பக்கமாத் திருப்பணும்."

"அட, நான் வலப்பக்கமா இறுக்கிட்டிருந்திருக்கேன்!" சல்லடை கழன்று கையில் வந்தது. "ஆமா, எதைக் கேட்டாலும் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்ங்கிறியே, நீ என்ன புதுசா?"

"ஆமாம்மா. இந்த வேலைக்குப் புதுசுதான்."

வெர்னா பித்தளைத் துண்டை மாட்டி, ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீரைத் திறந்தாள். மறுகணம் இணைப்பின் இடுக்கிலிருந்து தண்ணீர் நாலாபுறமும் பீய்ச்சியது. மூக்குக் கண்ணாடி நனைந்தது.

"ஐயோ! தரையெல்லாம் குளமாச்சு!"

"பதறாதீங்க. மூடுங்க. ஒரு நிமிஷம்... பழைய ரப்பர் வளையம் குழாய்க்குள்ளயே ஒட்டிக்கிட்டிருக்கும். கத்தி முனையால நெம்பிப் பாருங்க."

கறுத்துப்போன வளையம் ஒன்று பொட்டென்று விழுந்தது. இந்த முறை பித்தளை கச்சிதமாக உட்கார்ந்தது.

"வெளியே வர்ற குழாயைத் தொட்டிக்குள்ள நல்லாக் கட்டி வையுங்கம்மா. முதல்ல கொதிக்கிற தண்ணிதான் வரும், கையைச் சுட்டுக்காதீங்க. அடுப்பை அணைச்சிட்டு மெதுவாத் திறங்க."

ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. சுருளுக்குள் தண்ணீர் சலசலத்து ஓடியது. தொட்டியில் ஆவி பறந்தது. வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"லெஸ்டர் போய் மூணு வாரமாச்சு. கேள்விப்பட்டிருப்பே."

"தெரியும்மா."

"பவுலிங் ஆடற கூட்டாளிங்க அடுத்த மாசக் கடைசியில அவருக்காகக் கூடறாங்க. இந்தப் பார்லியை வாங்கி வெச்சிட்டுப் போயிட்டார். கடை பீரை ஊத்தினா அவருக்குப் பொறுக்காது." மூக்கை உறிஞ்சினாள். "ஒவ்வொரு தடவையும் தரையை நனைக்கிறார்னு கத்துவேன். இன்னிக்கு நானே நனைச்சிருக்கேன். கத்தத்தான் ஆளில்லை."



"தரை கிடக்கட்டும்மா," என்றது குரல். "சூடு எவ்வளவுன்னு பாருங்க."

வெர்னா எழுந்து பார்த்தாள். "நூத்திப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்."

"எழுபது ஆகட்டும். நான் இருக்கேன்."

இருந்தான். அவள் லெஸ்டரைப் பற்றிப் பேசினாள், ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தாள். எழுபது ஆனதும் தண்ணீரை மூடி, கஷாயத்தைப் பீப்பாய்க்கு மாற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடினாள்.

"முடிஞ்சுது தம்பி! ரெண்டு பாட்டில் உன் கடைக்குக் கொண்டுவந்து தரேன்."

"நீங்க அலைய வேண்டாம்மா. நானே உங்க வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்."

மறுமுனையில் அவன் போனை வைத்தான். பக்கத்து மேசையிலிருந்த ஐரீன் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"முக்கால் மணி நேரமாக் கம்ப்யூட்டர்ல தேடித் தேடிப் படிச்சுச் சொல்லிட்டிருந்தீங்களே சார், யாரு?"

"மிசஸ் கொரெக்கி. பீர் சாமான் கடை கார்டுன்னு நினைச்சு நம்ம விசிட்டிங் கார்டைப் பார்த்து போன் அடிச்சிட்டாங்க."

"ராங் நம்பர்னு சொல்லியிருக்கலாமே?"

அவன் தன் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"மூணு வாரம் முன்னாடி லெஸ்டரைப் பெட்டியில வெச்சு மூடினது நான்தானே, ஐரீன். அவருக்காகப் பீர் காய்ச்சிட்டிருக்கிறவங்ககிட்ட, இது சவ அடக்க ஆபீஸ்னு எப்படிச் சொல்றது?"