வெர்னாவின் நோட்டு

தூண்டிலை வீசிய கையோடு வெர்னா நோட்டை எடுத்தாள். படகில் பொருத்திய மீன் தேடும் கருவியின் திரையில் தெரிந்த ஆழம், தண்ணீரின் சூடு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். படகின் முன்னால் நின்ற ஓடெலுக்கு வயிறு எரிந்தது.

மார்ச் மாதம். முட்டையிடுவதற்கு முன்னால் பாஸ் மீன்கள் ஆழத்திலிருந்து கரையோரம் வந்து வெறிபிடித்துத் தின்னும் ஆறு வாரம். கென்டக்கியின் அந்த ஏரியில் தூண்டில்காரர்களைப் படகில் கூட்டிப் போகும் கைடு ஓடெலுக்கு வருஷத்துச் சோறே அதில்தான். சினை மீன்கள் கூடும் கரை வளைவு ஒன்று அவனுக்குத் தெரியும். பெற்ற மகனுக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

காலையில் இரைக் கடையில் மச்சான் கர்ட்டிஸ் காதைக் கடித்திருந்தான்.

"இன்னிக்கு உன் படகுல வர்ற பொம்பளை செவ்வாக்கெழம லூதர் படகுல போனா. வியாழக்கெழம இன்னொருத்தன் படகுல. புருஷன்காரன் எங்கயோ புதுப் படகு வாங்கி வெச்சிருக்கான்யா. மீன் கூடுற எடம் பாத்துட்டு வரச் சொல்லி இவள அனுப்புறான்."

"என் காதுலயா பூ சுத்தப் பாக்குறா? வரட்டும், வரட்டும்" என்றான் ஓடெல்.

அதனால்தான் விடிந்ததிலிருந்து அவளை மீனே இல்லாத பக்கமாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். ஆனால் காற்று அவன் பேச்சைக் கேட்கவில்லை. படகை மெல்லத் தள்ளித் தள்ளி அவனுடைய வளைவின் வாயிலேயே கொண்டுவந்து நிறுத்தியது.

ஐம்பத்திரண்டு ஃபாரன்ஹீட்டில் இருந்த தண்ணீர் ஐம்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது; மீன் கரைக்கு வரும் சூடு. ஓடெல் முகம் துடைப்பதுபோல் துடைத்துத் துண்டைத் திரைமேல் போட்டான்.

"தண்ணி இப்ப எவ்வளவு சூடு?" என்றாள் வெர்னா. பத்து நிமிஷத்தில் மூன்றாவது தடவை.

"அதே ஐம்பத்திரண்டுதான் மேடம். கை வெச்சா வெரச்சிடும்."

"அப்ப இன்னும் நாளாகுமா?" அவள் முகம் வாடிவிட்டது.

"ஆகும், ஆகும். அவசரப்பட்டா எப்படி?"

அப்போதுதான் அவள் தூண்டில்கோல் வில்லாக வளைந்தது. அவள் கவனிக்கவே இல்லை; நாணல் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடெல் பாய்ந்து பிடித்திராவிட்டால் கோல் ஏரிக்குள் போயிருக்கும்.

வயிறு புடைத்த சினை மீன். ஒன்பது பவுண்டுக்குக் குறையாது. இப்படி ஒன்றுக்காக ஆயுசு பூராவும் காத்திருந்து செத்தவர்கள் உண்டு.

"பிடிங்க மேடம், ஒரு போட்டோ எடுப்போம்."

"வேண்டாம், விட்டுடுங்க. அந்த நாணல்கிட்ட கொஞ்சம் போக முடியுமா?"

அவள் விரல் நீட்டிய இடம் அச்சுப் பிசகாமல் அவனுடைய இடம். மீன் கை நழுவித் தண்ணீரில் விழுந்தது. ஓடெலின் பொறுமையும் அதோடு போயிற்று.

"போதும் மேடம்! மீன் வேண்டாம், போட்டோ வேண்டாம், ஆழம் மட்டும் வேணும். நாங்க என்ன கேனப் பயலுங்களா? என் பொழப்புல மண்ணப் போடணும்னா உங்க வீட்டுக்காரர நேர்ல வரச் சொல்லுங்க. பொண்டாட்டிய அனுப்பிட்டு அந்த மனுஷன் எங்க ஒளிஞ்சிருக்காரு?"

வெர்னா கோபப்படவில்லை. நோட்டை மெதுவாக மூடிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அவள் கண் நாணலை விட்டு நகரவில்லை.

"ஜனவரியில வாத்து சுடப் போன படகு ஒண்ணு இங்க கவுந்துதே, ஞாபகம் இருக்கா? மூணு பேர்ல ரெண்டு பேரத்தான் எடுத்தாங்க."

ஓடெலுக்கு ஞாபகம் இருந்தது. பத்து நாள் தேடிய படகுகளில் அவனுடையதும் ஒன்று.

"விஷயத்தச் சொன்னா யாரும் என்னைப் படகுல ஏத்திக்க மாட்டேங்குறாங்க. அதான் மீன் பிடிக்கன்னு சொல்லி வந்தேன்" என்றாள். பைக்குள் இருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"தண்ணி சூடாச்சுன்னா அவரு மேல மெதந்து வந்துருவாருன்னு ஷெரீப் சொன்னாரு."