நெட்டுக்குத்தாய் ஒரு சமன்பாடு

இணைய இதழின் பக்கத்தில் எப்படி வைத்தாலும் கணிதக் கட்டுரையின் அந்த நீளமான சமன்பாடு போன் திரையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தை வடிவமைக்கும் செண்பகவல்லிக்கு அதை இரண்டு வரியாக உடைக்க மனம் வரவில்லை. மேலிருந்து கீழாக நெட்டுக்குத்தாக நிறுத்தி, "போனைத் திருப்பிப் படிக்கவும்" என்று ஒரு வரியும் சேர்த்து வெளியிட்டுவிட்டாள்.

காலையில் அவள் மின்சார ரயிலில் போகும்போது இதழாசிரியர் இருதயராஜ் அழைத்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? போனைத் திருப்பினா பக்கமும் கூடவே திரும்புது. சமன்பாடு மறுபடியும் நெட்டுக்குத்தாத்தான் நிக்குது. கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டு யாரு படிப்பாங்க?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஆபீஸ் வந்ததும் உடைச்சுடறேன் சார்."

நிமிர்ந்தால், எதிர் இருக்கையில் போக்குவரத்துக் காவலர் சீருடையில் ஒரு பெண், கையில் போனோடு தலையை வலது தோளில் சாய்த்திருந்தாள். தூங்குகிறாள் என்று பார்த்தால், உதடுகள் அசைந்தன: "எக்ஸ் ஸ்கொயர், கூட்டல்..." பாதியில் நின்று, மறுபடி உச்சியிலிருந்து இறங்கினாள். பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்தவர் எட்டிப் பார்த்தார். அவர் தலையும் மெல்லச் சாய்ந்தது.

"என்னம்மா இது?"

"இருங்க சார், எல்லாம் அடிபட்டுக் கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சும் போல!"

போன் மறுபடி அடித்தது. "இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் செண்பகவல்லி, தன் தலையும் வலப்பக்கம் சாய்ந்திருப்பது தெரியாமல். "இன்னும் படிச்சு முடிக்கலை."