திறந்தே கிடக்கும் கதவு

"அவளைக் கொஞ்சம் முன்னாடி வந்து நிக்கச் சொல்லு. போன வருஷம் மாதிரி நாற்காலிக்குப் பின்னால நிக்க வேணாம்" என்றார் போதகர்.

மகள் கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். ஆனாலும் அவர் மனைவியிடம்தான் சொன்னார்.

கிறிஸ்மஸ் ஆராதனை முடிந்து வந்த கையோடு முன்னறையைச் சினிமாக்காரர் போல மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் காகித நட்சத்திரம், மேஜையில் கேக், பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்த செல்போன். இன்னும் சற்று நேரத்தில் ஊர்ச் சபையார் வீடியோவில் வருவார்கள். இவர்களை இத்தனை தூரம் ஊழியத்துக்கு அனுப்பி வைத்திருக்கும் சபை அது. கோயிலில் பெரிய திரை கட்டி, ஊரே உட்கார்ந்து பார்க்கும்.

"ஜனவரியில கமிட்டி கூடுது. நம்மளை இங்கேயே விடறதா, திருப்பிக் கூப்பிடறதான்னு பேசுவாங்க. நமக்கு முன்னாடி இருந்தவரை ஏன் கூப்பிட்டுக்கிட்டாங்க? வீட்டையே ஒழுங்கா நடத்தத் தெரியல, சபையை எங்க நடத்தப் போறான்னு கேட்டாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இல்லாமலா இவ்வளவும் செய்யறேன்?" என்றாள் மனைவி.

மகளின் சுடிதார் இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. ஓரத் தையலை அம்மா பிரித்துவிட்டிருந்தாள். தையல் டப்பாவை மூடி அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, துப்பட்டாவை மகளின் மார்பு முழுக்க மறைகிற மாதிரி போட்டுவிட்டாள்.

"என்னங்க, பேசி முடிச்சதும் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம். விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமைச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு நாளாவது..."

"முதல்ல பேசி முடியட்டும்."

அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் நாலு தட்டுகளைத் துடைத்து மேஜையின் ஓரத்தில் வைத்தாள். மூன்று பேருக்கு எதற்கு நாலு தட்டு என்று அவர் கேட்கவில்லை. பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செல்போன் ஒலித்தது. அவ்வளவுதான், போதகருக்கு வாயெல்லாம் பல். மகளின் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டார். அவள் கட்டை மாதிரி நின்றாள்.

"ஸ்தோத்திரம் ஐயா! நாங்க தெரியறமா?" என்றார் திரையில் சபை மூப்பர்.

"ஸ்தோத்திரம் மூப்பரய்யா! பளிச்சுன்னு தெரியறீங்க!"

மூப்பரின் கையிலிருந்த மைக்கைப் போதகரின் அக்கா பிடுங்கிக்கொண்டாள். "ஏண்டி மருமகளே, போன வருஷம் நாற்காலிக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு நின்னியே! இப்பதான் முழுசா தெரியறே. நல்லா பூசினாப்ல ஆயிட்டே. எல்லாம் அம்மா சமையலா?"

"ஆமா அத்தை." சிரித்தாள். கை தானாகக் கழுத்துக்குப் போய், வெறும் கழுத்தைத் தடவிவிட்டு இறங்கியது.

"ஏண்டா தம்பி, இவளுக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா? வயசு ஏறிக்கிட்டே போகுதே."

"இவ எங்கே சம்மதிக்கிறா அக்கா? ஊழியம், ஊழியம்னே கிடக்கா. என் வலது கையே இவதான். இவ இல்லாம இந்த வீட்ல எதுவும் ஓடாது."

கோயில் முழுக்கக் கைதட்டல். தட்டுகிறவர்களுக்கென்ன, தட்டிவிட்டு விருந்துக்குப் போய்விடுவார்கள்.

"சபைக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க ஐயா" என்றார் மூப்பர்.

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னைக்கு பெத்லகேம்ல ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பொண்ணு வாசல் வாசலா நின்னா. ஒருத்தனாவது கதவைத் திறந்தானா? எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சம்! எங்க வீட்டுக் கதவு அப்படியில்லைங்க. யார் வந்தாலும் திறந்தே கிடக்கும்."

குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. பிரசங்கம் என்று வந்துவிட்டால் அவருக்கு நிஜமாகவே அழுகை வரும்.

அந்த நேரம் பார்த்து வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"என்ன ஐயா, குழந்தை சத்தம் கேக்குது?"

"பக்கத்து வீட்டுக் குழந்தை" என்றார் போதகர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மகளின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அம்மாவின் கண் பின்வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. அழுகை நிற்கவில்லை. மூப்பரின் ஜெபமும் நிற்பதாகத் தெரியவில்லை. ஒருவழியாக ஆமென் சொல்லி, எல்லாரும் கையசைத்து, திரை இருண்டது.

தோளிலிருந்த கை சட்டென்று விலகியது.

"நல்லபடியா முடிஞ்சுது" என்று பெருமூச்சு விட்டார் போதகர்.

"என்னங்க... சாப்பாடு எடுத்து வைக்கவா?"

அவர் மேஜைக்குப் போய், நாலு தட்டில் இரண்டை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். "ரெண்டு போதும்."

மகள் தையல் டப்பாவைத் திறந்து, நூற்கண்டுகளுக்கு அடியில் கிடந்த தன் தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கைக்குழந்தையை வச்சுக்கிட்டு, அவளா தேடிக்கிட்ட புருஷன் பின்வாசல்ல எவ்வளவு நேரம் நிப்பான்? யார் கண்ணுலயாவது படறதுக்குள்ள கிளம்பச் சொல்லு" என்றார் போதகர், மனைவியிடம்தான். "அந்தச் சுடிதாரை மட்டும் கழட்டி வாங்கி வை. அடுத்த கிறிஸ்மஸுக்கு வேணும்."