பக்கத்து மேசை

யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மருந்துக் கடை அலமாரியில் நாத்துகுண்டாவின் புத்தகங்களைப் பின்னால் தள்ளிவிட்டுத் தன்னுடையதை முன்னால் அடுக்கினாள் கெமிரெம்பே.

"என்ன மேடம், இடம் மாத்தறீங்களா?" கல்லாவிலிருந்து கடைக்காரர் முகுமே கேட்டார்.

"தூசி தட்டினேன்."

"தூசி உங்க புத்தகத்துலதான் இருக்கும். அந்தப் பொண்ணோடது இங்க நிக்கறதே இல்லையே! அவளைப் பார்த்தீங்கன்னா இன்னும் இருபது கொண்டுவரச் சொல்லுங்க."

கெமிரெம்பேக்கு வயிறு எரிந்தது.

ம்பராரா ஊர்க் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை அவளுக்கு. ஒரு வாழைத்தோட்டத்துக்காக அண்ணனும் தம்பியும் பதினெட்டு வருஷம் வழக்காடும் கதையை ஆறு வருஷம் உட்கார்ந்து எழுதினாள். பதிப்பகங்கள் பதில்கூடப் போடவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தலைநகர் கம்பாலாவில் தானே முந்நூறு பிரதி அச்சடித்தாள். மருந்துக் கடை, பேக்கரி, பெட்ரோல் பங்க் என்று ஏறி இறங்கி வைத்தாள். நாலு மாதத்தில் போனது முப்பத்தொன்று. அதிலும் பாதி சொந்தக்காரர்கள் தலையில் கட்டியது.

நாத்துகுண்டா பார்லர் நடத்துகிறவள். முடி பின்னிக்கொள்ள வரும் பெண்கள் சொன்ன காதல் கதைகளை எழுதி, அவளும் சொந்தமாகத்தான் போட்டாள். எண்பதே பக்கம், சிவப்பு அட்டை. மூன்றாவது தடவையாக அச்சடித்துவிட்டாள்.

"ஊர் வம்பை அச்சடிச்சா ஊரே வாங்கத்தான் செய்யும்" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்வாள் கெமிரெம்பே. அந்தப் புத்தகத்தை அவள் ஒரு பக்கம்கூடத் திறந்து பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பெண்கள் விடுதிப் பள்ளியில் பெற்றோர் வருகை நாள். மைதானம் முழுக்கப் பாய் விரித்து, பாத்திரம் பாத்திரமாக மதோக்கே என்னும் வாழைக்காய் மசியலும் நிலக்கடலைக் குழம்பும் மகள்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். புத்தகம் விற்க இரண்டே மேசை. இரண்டும் ஒரே மரத்தடியில்.

"அக்கா! நீங்களும் வந்திருக்கீங்களா!" நாத்துகுண்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஏன், நான் வரக்கூடாதா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா. உங்க பக்கத்துலயே இடம் கிடைச்சுதேன்னுதான்."

நடிக்கிறாள், நடிக்கட்டும் என்று கெமிரெம்பே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பத்து நிமிஷத்தில் சிவப்பு மேசையைச் சுற்றிக் கூட்டம்.

"ஏய் நாத்துகுண்டா, நாப்பதாம் பக்கத்துல வர்றானே ஒரு லாரி டிரைவர், அவன் யாருடி? எனக்குத் தெரிஞ்சவனா?"

"உங்க வீட்டுக்காரர் இல்லக்கா, தைரியமா வாங்கிட்டுப் போங்க!"

ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்போடு வந்த ஒருத்தி கெமிரெம்பேயின் புத்தகத்தையும் எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மாடி, என்னா கனம்! கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் போல."

வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் வரை கெமிரெம்பேக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

அப்போதுதான் நாத்துகுண்டா எழுந்தாள். "அக்கா, என் மேசையைக் கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? வாசல்ல ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்துடறேன்."

"போ, போ."

அவள் தலை மறைந்ததும் இரண்டு பெண்கள் இந்தப் பக்கம் வருவது தெரிந்தது. கெமிரெம்பே யோசிக்கவேயில்லை. மேசையிலிருந்த சிவப்புப் புத்தகங்களை, முப்பது இருக்கும், அப்படியே அள்ளி மேசைக்கடியில் வைத்து விரிப்பை இழுத்து மூடினாள்.

"பார்லர் பொண்ணோட புத்தகம் எங்கம்மா?"

"தீர்ந்துபோச்சு. இதைப் பாருங்களேன். இதுவும் நம்ம ஊர்க் கதைதான்."

ஒருத்தி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நடந்தாள். மற்றவள் நாலு வரி படித்துப் பார்த்து, ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முதல் விற்பனை! கெமிரெம்பே பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டாள். தப்புதான், ஆனால் தன்னுடைய ஆறு வருஷத்துக்கு இது ஒன்றும் பெரிய தப்பில்லை என்று தோன்றியது.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். ஒரு நர்ஸ் வந்தாள். பின்னாலேயே ஒரு பாதிரியார். அப்புறம் அம்மாவும் மகளுமாக மூன்று ஜோடி, அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். யாருமே காலி மேசையைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருமே கனத்தைப் பற்றிப் பேசவில்லை. நேராக வந்தார்கள், வாங்கினார்கள், போனார்கள்.

பதினேழு! நாலு மாதத்தில் விற்றதில் பாதிக்கு மேல், ஒரு மணி நேரத்தில்!

'அந்தச் சிவப்பு அட்டை கண்ணை மறைச்சுக்கிட்டு இருந்தது. அதை எடுத்ததும் ஜனங்களுக்குத் தரம் தெரியுது, பார்' என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்தது.

கோட்டு போட்ட பெரியவர் ஒருவர் வந்தார். "எனக்கு ரெண்டு குடும்மா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் தம்பிக்கு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. இதைக் கொடுத்தாவது பேசிப் பார்க்கறேன். கையெழுத்து போட்டுக் குடு."

தன் கதை என்னவென்று இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. பூரித்துப்போய்க் கையெழுத்து போட்டாள். அவர் பார்வை பக்கத்து மேசைக்குப் போனதும், அதே பொய் வாயில் தானாக வந்தது.

"அந்தப் பொண்ணோட புத்தகம் தீர்ந்துபோச்சுங்க ஐயா."

"தெரியும்மா. வாசல்ல நின்னுக்கிட்டு அந்தப் பொண்ணே வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லுதே, 'என்னோடது தீர்ந்துபோச்சு, பக்கத்து மேசையில அக்காவோடது இருக்கு. ரெண்டு தடவை படிச்சுட்டேன், ரெண்டு தடவையும் அழுதேன், போய் வாங்குங்க'ன்னு!"