கென்ட்டில் இரண்டு நாள்

"முதல்ல கோட்டைக்குப் போவோம், அப்புறம்..."

"படகுதான் முதல்ல, ஜோரிஸ். இருக்கிறதே ரெண்டு நாள். கோட்டைப் படியில உன் முழங்காலை யார் தூக்கிட்டு வர்றது?"

"என் முழங்காலை விடு. டிராம்ல எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். ஊர் பார்க்க வந்த புருஷன் பெண்டாட்டி சண்டை போடாம இருந்தாத்தான் சந்தேகப்படுவாங்க."

ஜோரிஸ் சிரித்தபடி பெல்ஜியத்தின் கென்ட் நகர வரைபடத்தை மடித்தார். டிராம் அடுத்த நிறுத்தத்தில் நின்றதும் மார்லீன் கைப்பையோடு எழுந்துவிட்டாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"உட்காரு. ஓட்டல் இன்னும் மூணு ஸ்டாப் தள்ளி. இது நம்ம வீடு."

பழக்க தோஷம். கல்யாணமான நாளிலிருந்து அவள் இறங்கும் நிறுத்தம் அது.

ஜோரிஸின் முகம் வாடியது. "கல்யாண நாளுக்கு வியன்னா காட்டுறேன்னு சொன்னேன். நாளை மறுநாள் எனக்கு டயாலிசிஸ், எங்கயும் நகர முடியாதுன்னு உள்ளூர்லயே ஓட்டல் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன் பாரு."

டிராம் நகர்ந்தது. மார்லீன் ஜன்னலோரம் சாய்ந்து, தங்கள் வீட்டு மாடியை முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள்.

"அந்த நீலத் திரை போட்ட வீட்டைப் பாரேன், ஜோரிஸ். அங்க குடியிருக்கிறவ கொடுத்து வெச்சவ, இல்ல?"