வேலிக்குள் போன விளக்கு

திருவிழா அன்று காலையில், சிலுவை நிற்கும் தெற்குக் குருசடியில் ஏற்றும் விளக்கைக் கரையோரமாகவே சுமந்து நடந்து, பொழுது சாயும் முன் வடக்குக் குருசடியில் வைக்க வேண்டும். இந்த வருடம் நடுவழியில் கடற்கரை விடுதிக்காரர்கள் தங்கள் இடத்தின் இருபுறமும் கடலுக்குள்ளேயே வேலி இறக்கியிருந்தார்கள். வம்பு வேண்டாம் என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. சலேத்தம்மாள் மட்டும் அரிக்கேன் விளக்கோடு வேலியருகே வந்து நின்றாள்.

“வழி இல்லக்கா, திரும்பிப் போங்க,” என்றான் உள்ளே நின்ற காவலாளி.

“நேத்து நட்ட கம்பியா எனக்கு வழி சொல்லப் போவுது? இந்த வருசம் விட்டுட்டா, இங்க வழியே கெடந்ததில்லன்னு சொல்லிருவானுவ.” சேலையை வரிந்து கட்டினாள். “இதக் கொஞ்சம் புடி தம்பி. நான் கடல்ல எறங்கிச் சுத்தி வாறேன். வெளக்கு நனையக் கூடாது.”

அவன் விடுதி மாடியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வேலிக்கு மேலாகக் கை நீட்டி வாங்கிக்கொண்டான்.

கழுத்தளவுத் தண்ணீரில் அவள் கடைசிக் கம்பத்தைப் பற்றியபோது மாடியிலிருந்து மேலாளர் கத்தினார். “ஏய், அந்த விளக்க அணைச்சுப் போடு!”

காவலாளி பூட்சைக் கழற்றி மணலில் விட்டான். விளக்கை உயர்த்திப் பிடித்தபடி, கரையோரமாகவே, வடக்கே நடக்கத் தொடங்கினான்.