ஒரு மாதம் காய வேண்டிய பூச்சு

“பைத்தியமா உனக்கு, ஹார்லன்? கிடாருக்கு லாக்கர் வார்னிஷ் பூசிப் பத்து நாள்தான் ஆகுது. ஒரு மாசமாவது காயணும்!” என்று கத்தினார் கிடார் பட்டறைக் கூட்டாளி மெர்ல்.

ஹார்லன் நிமிரவில்லை. ஈர உப்புத்தாளால் கிடாரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்பக் கண்ணாடியா மின்னும். அடுத்த மாசம் பூச்சு உள்ள இறங்கி, மர ரேகையெல்லாம் பல்லை இளிக்கும். வாங்கினவங்க காறித் துப்புவாங்க!”

“துப்பட்டும். எனக்கு நாளைக்கே வேணும்.”

“அப்படி எந்த மகாராணிக்குடா இவ்வளவு அவசரம்?”

ஹார்லன் பாலிஷ் சக்கரத்தைச் சுழலவிட்டார். கிடாரை அதில் அழுத்தினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மனைவி லொரீனின் மடியில் அதை வைத்தார். மின்னும் பலகையில் தன் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் உயிருக்கு டாக்டர் சொன்ன ஒரு வாரக் கெடுவை ஹார்லன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, வீட்டு ஜன்னலோரம் சாய்ந்திருந்த லொரீன் கிடாரை வெயிலில் திருப்பினாள்.

“என்ன மனுஷன் நீ, ஹார்லன்? பூச்சு இறங்கி ரேகை தெரியுது பாரு! முப்பது வருஷமாத் தொழில் பண்றவன் இப்படியா அவசரப்படுவே?”

ஹார்லன் மங்கிய பலகையைத் தடவினார்.

“இன்னும் நல்லாத் திட்டு, லொரீன்.”